வைஃபை இருக்கு, நெட் இல்லை: பெரிய வீட்டில் ஐபி அட்ரஸ் கோளாறுகளை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் "நெட் வரல" என்று கூப்பிடுகிற வீடுகளுக்குப் போய்ப் பார்த்தால் பல சமயம் வெளியிலிருந்து வரும் லைன் நன்றாகவே இருக்கும். ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு கிடையாது, போனில் வைஃபை கோடுகள் நிறைந்திருக்கும், ஆனால் ஒன்றும் ஓடாது. எந்தச் சாமானுக்கு எந்த ஐபி அட்ரஸ் (நெட்டில் ஒரு சாமானை அடையாளம் காட்டும் எண்), அதை யார் கொடுத்தது என்பதில்தான் குழப்பம் இருக்கும்.

நம்ம ஊர் வீடுகளில் இது கொஞ்சம் கூடுதலாக வருவதற்குக் காரணம் உண்டு. வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிறது. முகப்பில் ஃபைபர் பெட்டி, வளவில் (நடு முற்றத்தில்) ஒரு ரவுட்டர், இரண்டாம் கட்டில் வைஃபையை நீட்டித் தரும் ஓர் எக்ஸ்டெண்டர், அடுப்படி தாண்டிப் பின்வாசல் பக்கம் சிசிடிவி படத்தைப் பதிவுசெய்யும் டிவிஆர். சுண்ணாம்புச் சுவர் கனம், அதில் ஓட்டை போட யாரும் சம்மதிக்க மாட்டார்கள். அதனால் சிக்னல் எட்டாத இடத்திலெல்லாம் ஒரு பெட்டியை வாங்கி மாட்டியிருப்பார்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வருடம், ஒவ்வோர் ஆள் வந்து மாட்டியது. கடையிலிருந்து வரும்போதே ஒவ்வொரு ரவுட்டரும் "அட்ரஸ் கொடுப்பது நான்தான்" என்ற செட்டிங்கோடுதான் வருகிறது.

வளவைச் சுற்றியுள்ள அறைகளை நினைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு எந்த அறை என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்லும்வரை தகராறில்லை, இரண்டு பேர் தனித்தனியாகச் சாவி கொடுக்க ஆரம்பித்தால் ஒரே அறைக்கு இரண்டு குடும்பம் பெட்டியோடு வந்து நிற்கும். அட்ரஸ் விஷயமும் அதேதான். வீட்டுக்கு ஓர் அட்ரஸ் கொடுப்பவர் போதும், அதாவது ஒரே ஒரு டிஎச்சிபி சர்வர். பிரிண்டர், கேமரா மாதிரி இடம் மாறாத சாமான்களுக்கு நிரந்தர அட்ரஸ் வேண்டுமென்றால் அதையும் அந்த ஒருவரிடமே எழுதி வைக்க வேண்டும், சாமானுக்குள் போய் எழுதக் கூடாது. கீழே வரும் கோளாறுகளில் முக்கால்வாசி இந்த இரண்டில் ஒன்று பிசகியதால் வருபவை.

எதையும் பிடுங்குவதற்கு முன்னால் அட்ரஸைப் பாருங்கள்

ரவுட்டரை அணைத்துப் போடுவது எல்லாருக்கும் கை வந்த வைத்தியம். சில நேரம் சரியாகியும் விடும், ஆனால் ஏன் சரியானது என்று தெரியாது, அடுத்த வாரம் திரும்ப வரும். அதனால் முதலில் பார்க்க வேண்டியது, தகராறு பண்ணுகிற சாமானின் கையில் இப்போது என்ன அட்ரஸ் இருக்கிறது என்பதைத்தான்.

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், வைஃபை, இணைந்திருக்கும் பெயருக்குப் பக்கத்திலுள்ள சக்கரக் குறி. ஐபோனில் அதே இடத்தில் வட்டத்துக்குள் ஐ. விண்டோஸ் லேப்டாப் என்றால் இன்னும் வசதி: கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் /ஆல் (ipconfig /all) என்று அடித்தால் ஐபி அட்ரஸ், சப்நெட் மாஸ்க் (எந்தெந்த எண்கள் ஒரே கூட்டம் என்று சொல்வது), டீஃபால்ட் கேட்வே (வெளியே போக வழிவிடும் பெட்டியின் எண்), அட்ரஸ் கொடுத்த டிஎச்சிபி சர்வர் எது, எப்போது வாங்கியது, எப்போது காலாவதியாகிறது என்று எல்லாமே வரிசையாக வந்துவிடும். அந்த டிஎச்சிபி சர்வர் வரி முக்கியம், பின்னால் வருகிறேன்.

அட்ரஸைப் படிக்கும் விதம் இது. 192.168 என்று ஆரம்பித்தால் யாரோ ஒரு ரவுட்டர் கொடுத்திருக்கிறது. 10 என்று ஆரம்பிப்பதும், 172.16 முதல் 172.31 வரை வருவதும் அதே வகைதான், வீட்டுக்குள்ளும் ஆபீசுக்குள்ளும் புழங்குவதற்கென்றே 1996-ல் ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணத்தில் ஒதுக்கி வைத்தவை. 169.254 என்று ஆரம்பித்தால் யாரும் எதுவும் கொடுக்கவில்லை, கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டுச் சாமான் தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டது. 0.0.0.0 என்றால் இன்னும் எதுவுமே இல்லை. எஃப்இ80 என்று ஆரம்பிக்கும் நீளமான ஒன்றும் கூடவே தெரியும், அது ஐபிவி6 என்ற புதிய வகை அட்ரஸுக்காக எல்லாச் சாமானும் தனக்குத்தானே போட்டுக்கொள்வது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

169.254 வருகிறது, அல்லது போன் அட்ரஸ் வாங்குகிறேன் என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது

நெட்டில் சேரும் சாமான் முதலில் "யாராவது இருக்கீங்களா, எனக்கு ஓர் அட்ரஸ் வேணும்" என்று பொதுவாகக் கத்துகிறது. டிஎச்சிபி சர்வர் ஓர் அட்ரஸை நீட்டுகிறது, சாமான் "சரி, அதையே எடுத்துக்கிறேன்" என்கிறது, சர்வர் "எழுதிக்கிட்டேன்" என்று முடிக்கிறது. நாலே பேச்சு. 1997-ல் வந்த ஆர்எஃப்சி 2131 இதைத்தான் விளக்குகிறது, இன்றைக்கும் உங்கள் டிவி இந்த நாலு பேச்சைத்தான் பேசுகிறது. இதில் ஏதாவது ஒன்று வழியில் தொலைந்து, திரும்பத் திரும்பக் கேட்டும் பதில் வராவிட்டால் விண்டோஸ் 169.254-க்குப் போய்விடும், ஆண்ட்ராய்டு சுற்றிச் சுற்றிக் கடைசியில் இணைப்பையே விட்டுவிடும்.

முதல் சோதனை, அதே சாமானை முகப்புக்கு எடுத்துக்கொண்டு போங்கள். ரவுட்டருக்குப் பக்கத்தில் அட்ரஸ் வந்து இரண்டாம் கட்டில் வராவிட்டால் அது சிக்னல் பிரச்சினை. கோடு ஒன்றோ இரண்டோ தெரியும், பாஸ்வேர்டையும் ஏற்றுக்கொள்ளும், ஆனால் அந்த நாலு பேச்சில் ஒன்றிரண்டு சுவரைத் தாண்டாது. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை கனமான சுவரில் சீக்கிரம் மடங்கிவிடும், 2.4 கொஞ்சம் தாக்குப் பிடிக்கும், அதனால் பின்கட்டுச் சாமான்களை 2.4-ல் சேருங்கள். நிரந்தர வழி கேபிள்தான். சுவரைத் தொடாமல், வளவுத் தூண்களுக்கு மேலே உத்திரத்தின் ஓரமாகவே இழுத்துவிடலாம், மரத்தோடு மரமாகத் தெரியாமல் போய்விடும். ஒரே இழுப்பில் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. நம்ம ஊர் வீடுகளில் அந்தக் கணக்கைச் சும்மா மனசுக்குள் போடாதீர்கள், ஏற்றம் இறக்கம் வளைவு எல்லாம் சேர்த்து டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

ரவுட்டருக்குப் பக்கத்திலும் வரவில்லையா? இன்னொரு போனைச் சேர்த்துப் பாருங்கள். அதுக்கும் வரவில்லை என்றால் டிஎச்சிபி அணைந்திருக்கிறது, அல்லது ரவுட்டர் திகைத்து நிற்கிறது. இந்த இடத்தில் அணைத்துப் போடுவது நியாயம். அணைத்துப் போட்டும் வராவிட்டால் ஒரு கேபிளை எடுத்து லேப்டாப்பை நேராக ரவுட்டரின் லேன் போர்ட்டில் (வீட்டுச் சாமான்களைச் செருகும் துளையில்) செருகுங்கள். அட்ரஸ் தானாக வராது, அதனால் லேப்டாப்பில் கையாலேயே 192.168.1.50, மாஸ்க் 255.255.255.0 என்று போட்டு பிரவுசரில் ரவுட்டரின் எண்ணை அடித்து அதன் செட்டிங் பக்கத்தைத் திறந்து டிஎச்சிபியை எனேபிள் செய்ய வேண்டும். உங்கள் ரவுட்டர் 192.168.0.1 அல்லது 192.168.29.1-ல் உட்கார்ந்திருந்தால் லேப்டாப்புக்குப் போடும் எண்ணின் மூன்றாவது பகுதியும் அதே மாதிரி மாற வேண்டும், பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் எது என்று இருக்கும். வேலை முடிந்ததும் லேப்டாப்பைத் திரும்பவும் தானாக வாங்கும் நிலைக்கு மாற்றுங்கள். இதை மறந்துவிட்டு அந்த லேப்டாப்பைச் சென்னைக்கு எடுத்துப் போய் அங்கே நெட் வரவில்லை என்று கூப்பிடுகிறவர்கள் நிறையப் பேர்.

மற்ற எல்லாவற்றுக்கும் வருகிறது, ஒரே ஒரு சாமானுக்கு மட்டும் வரவில்லை என்றால் அதில் அந்த வைஃபையை மறக்கச் சொல்லித் திரும்பச் சேருங்கள். விண்டோஸில் ஐபிகான்ஃபிக் /ரிலீஸ் (ipconfig /release) என்று அடித்துக் கையிலுள்ள அட்ரஸை விட்டுவிட்டு, அப்புறம் ஐபிகான்ஃபிக் /ரின்யூ (ipconfig /renew) என்று புதிதாகக் கேளுங்கள். கேபிளில் ஓடும் சாமான் என்றால் கேபிளையே மாற்றிப் பாருங்கள், ஓட்டுக்குக் கீழே போகிற கேபிளை அணில் விட்டு வைப்பதில்லை.

அட்ரஸ் வருகிறது, முகப்பில் ஓடுகிறது, அடுப்படியில் ஓடவில்லை

இதுதான் நம்ம பக்கத்து ஸ்பெஷல், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி கூப்பிட்டுச் சொன்னது: "தம்பி, முகப்புல உக்காந்தா பேரன் வீடியோல வர்றான். உள்ள போனா வைஃபை முழுசா காட்டுது, அவன் மூஞ்சி மட்டும் சுத்திக்கிட்டே நிக்குது."

"உள்ள ஒரு பெட்டி இருக்கா ஆச்சி, ஆன்டெனா வச்சு?"

"ரெண்டு இருக்கு. ஒண்ணு பெரியவன் வாங்கிட்டு வந்தது, ஒண்ணு சின்னவன் வாங்கிட்டு வந்தது."

அங்கேயே விடை வந்துவிட்டது. முகப்பில் நிற்கும்போது போனின் அட்ரஸையும் கேட்வேயையும் பாருங்கள், பின்னால் போய் அதே போனில் திரும்பப் பாருங்கள். முன்னால் 192.168.1.23, கேட்வே 192.168.1.1 என்றும், பின்னால் 192.168.0.104, கேட்வே 192.168.0.1 என்றும் வந்தால் வீட்டுக்குள் இரண்டு வீடு இருக்கிறது. பெரும்பாலும் இரண்டிலும் நெட் ஓடும், ஆனால் பின்கட்டு லேப்டாப்பை முகப்புப் பிரிண்டர் பக்கம் திருப்பினால் கண்டுபிடிக்காது, டிவிக்குப் போனிலிருந்து படம் அனுப்ப முடியாது, போனை எடுத்துக்கொண்டு நடந்தால் வளவு தாண்டும்போது பேசிக்கொண்டிருக்கும் போன் கால் துண்டித்துப் போகும்.

அதைவிட மோசமானது, இரண்டு பெட்டியையும் லேனுக்கு லேன் இணைத்து இரண்டிலும் டிஎச்சிபி ஓடவிடுவது. அப்போது எல்லாச் சாமானும் ஒரே கூட்டத்தில் இருக்கும், கேட்கும்போது எந்தப் பெட்டி முந்திக்கொண்டு பதில் சொல்கிறதோ அதன் அட்ரஸ் ஒட்டிக்கொள்ளும். காலையில் ஓடும், மத்தியானம் ஓடாது, சாயங்காலம் தானாகச் சரியாகும். இரண்டாவது பெட்டி தன்னையே கேட்வே என்று சொல்லிக் கொடுத்திருக்கும், அதற்குப் பின்னால் வெளியே போக வழி இருக்காது. இதைப் பிடிக்கத்தான் அந்த டிஎச்சிபி சர்வர் வரி. வீட்டில் இரண்டு லேப்டாப்பில் பாருங்கள், அல்லது ஒன்றிலேயே ரிலீஸ், ரின்யூ என்று சில தடவை செய்து பாருங்கள். அந்த வரியில் ஒரு தடவை ஓர் எண், மறு தடவை வேறோர் எண் வந்தால் கள்ளச் சர்வர் ஒன்று வீட்டில் இருக்கிறது.

சரிசெய்யும் வழி ஒன்றுதான், அவசரப்படாமல் செய்ய வேண்டும். இரண்டாவது பெட்டியை மற்ற எல்லாவற்றிலிருந்தும் கழற்றி, லேப்டாப்பை மட்டும் கேபிளில் அதன் லேன் போர்ட்டில் செருகுங்கள். அதன் பக்கத்தைத் திறந்து, ஆக்சஸ் பாயின்ட் மோட் (அட்ரஸ் கொடுக்காமல் வைஃபை மட்டும் தரும் நிலை) என்று ஒரு தேர்வு இருந்தால் அதைப் போட்டுவிட்டு முடித்துக்கொள்ளலாம், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். இல்லையென்றால் முதலில் அதன் லேன் ஐபியை 192.168.1.2 என்று மாற்றுங்கள், அதாவது முதல் பெட்டியின் கூட்டத்திலேயே, முதல் பெட்டி யாருக்கும் கொடுக்காத ஓர் எண். சேமித்ததும் அது ஒரு தடவை அணைந்து எழும், பழைய அட்ரஸில் பக்கம் திறக்காது, 192.168.1.2 என்று அடித்துத் திரும்ப உள்ளே போக வேண்டும். அப்புறம் டிஎச்சிபியை அணையுங்கள். கடைசியாக முகப்பிலிருந்து வரும் கேபிளை வேன் போர்ட்டில் (வெளியிலிருந்து வரும் லைனுக்கான துளையில்) செருகாமல் லேன் போர்ட்டில் செருகுங்கள். வேன் போர்ட் வாயில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்து வருகிற ஆள் "இது தப்பா மாட்டியிருக்கு" என்று அதிலேயே செருகிவிட்டுப் போவார். இந்த வரிசையை மாற்றி, டிஎச்சிபியை முதலில் அணைத்துவிட்டால் உங்கள் லேப்டாப்புக்கே அட்ரஸ் கிடைக்காமல் போய் உள்ளே நுழையத் திண்டாட வேண்டும்.

சிலசமயம் இரண்டு பெட்டியுமே 192.168.1.1 என்று உட்கார்ந்திருக்கும். வேன் போர்ட்டில் இணைத்திருந்தால் பின்னால் உள்ளவர்களுக்குச் சுத்தமாக நெட் வராது, காரணம் அந்தப் பெட்டிக்கு உள்ளே எது வெளியே எது என்றே தெரியாது. விவரமான ரவுட்டர்கள் இதைக் கண்டுபிடித்துத் தாமாகவே எண்ணை மாற்றிக்கொள்ளும், எல்லாம் அப்படியில்லை.

கரண்ட் போய் வந்தால் மட்டும் எல்லாம் குழம்புகிறது

மாதாந்திரப் பராமரிப்புக்குப் பகல் முழுக்கக் கரண்ட் நிறுத்துவார்களே, அன்றைக்குச் சாயங்காலம் வருகிற கோளாறு இது. எல்லாப் பெட்டியும் ஒரே நொடியில் எழுகின்றன. ஃபைபர் பெட்டி முழுதாக எழ நேரம் எடுக்கும், எக்ஸ்டெண்டரும் டிவியும் அதற்கு முன்பே எழுந்து கேட்க ஆரம்பித்துவிடும். சில எக்ஸ்டெண்டர்களில் ஆட்டோ டிஎச்சிபி என்று ஒன்று உண்டு: மெயின் ரவுட்டர் கண்ணில் படாதவரை "சரி, நானே கொடுக்கிறேன்" என்று தானே அட்ரஸ் கொடுக்க ஆரம்பிக்கும். அப்போது வாங்கிய சாமான்கள் அந்த உதவாத அட்ரஸோடேயே உட்கார்ந்திருக்கும். எக்ஸ்டெண்டரின் பக்கத்தில் டிஎச்சிபியை ஆட்டோவிலிருந்து ஆஃபுக்கு மாற்றினால் தீர்ந்தது.

இன்னொரு விஷயம் இதைவிட நுட்பமானது. யாருக்கு எந்த அட்ரஸ் கொடுத்தோம் என்ற கணக்கைப் பல வீட்டு ரவுட்டர்கள் நினைவில் மட்டுமே வைத்திருக்கின்றன, கரண்ட் போனால் அதுவும் போச்சு. சாமான்களுக்கோ ஞாபகம் இருக்கும். யுபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்த டெஸ்க்டாப் 192.168.1.101 என்னுடையது என்று இருக்கும், மறந்துபோன ரவுட்டர் அதே 101-ஐப் புதிதாக வந்த டேப்லெட்டுக்கு எழுதிக் கொடுக்கும். கொடுக்கும் முன் அந்த எண்ணில் யாராவது இருக்கிறார்களா என்று தட்டிப் பார்க்கும் ரவுட்டர்களும் உண்டு, பார்க்காதவையும் உண்டு. ஆக ஃபைபர் பெட்டிக்கும் மெயின் ரவுட்டருக்கும் ஒரு சின்ன டிசி யுபிஎஸ் வாங்கி வையுங்கள். அது காசு வீண் என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை.

ஒன்றை ஆன் செய்தால் இன்னொன்று செத்துவிடுகிறது

டிவி போட்டால் கேமரா போகிறது, கேமரா வந்தால் டிவி நிற்கிறது. ஒரே அட்ரஸில் இரண்டு பேர். விண்டோஸ் என்றால் ஐபி அட்ரஸ் மோதல் என்று ஒரு செய்தியாவது காட்டும், டிவியும் டிவிஆரும் வாயே திறக்காது.

இதன் ஊற்று பெரும்பாலும் கேமரா மாட்டியவர் டிவிஆருக்குள் கையால் போட்டுவிட்டுப் போன நிலையான அட்ரஸ். சில கம்பெனிச் சாமான்கள் பெட்டியைப் பிரிக்கும்போதே ஒரு நிலையான அட்ரஸோடு வருகின்றன. ஹிக்விஷன் கேமராக்களில் 192.168.1.64, டாஹுவாவில் 192.168.1.108 வழக்கம். உங்கள் ரவுட்டர் 100 முதல் 199 வரை கொடுக்கும் என்று வைத்திருந்தால் 108 அந்த வரிசைக்குள்ளேயே விழுகிறது. ஒருநாள் எட்டாவதாகவோ ஒன்பதாவதாகவோ வந்து சேரும் போனுக்கு ரவுட்டர் நல்ல மனசோடு அதே 108-ஐ நீட்டும்.

சந்தேகத்தை உறுதிசெய்ய ஒரு சுலபமான வழி: சந்தேகப்படும் சாமானின் கேபிளைப் பிடுங்கிவிட்டு லேப்டாப்பின் கமாண்ட் ப்ராம்ப்ட்டிலிருந்து அந்த அட்ரஸுக்குப் பிங் போடுங்கள் (ping என்று அடித்து அந்த எண்ணைப் போட்டால் அங்கே யாராவது பதில் சொல்கிறார்களா என்று தட்டிப் பார்க்கும்). பிடுங்கிய பிறகும் பதில் வந்தால் அங்கே வேறொருவர் குடியிருக்கிறார். உடனே ஏஆர்பி -ஏ (arp -a) என்று அடித்தால் அந்த ஐபிக்கு நேரே பன்னிரண்டு எழுத்தில் மேக் அட்ரஸ், அதாவது சாமானின் சொந்த அடையாள எண், தெரியும். அதில் முதல் பாதி சாமானைச் செய்த கம்பெனியைக் காட்டும். இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ நான்கில் ஒன்றாக இருந்தால் அது பெரும்பாலும் போன் ஒன்று தானே இட்டுக்கட்டிய மேக், கம்பெனிப் பெயரைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

தீர்வு: சாமானுக்குள் போய் நிலையான அட்ரஸை எடுத்துவிட்டுத் தானாக வாங்கும்படி மாற்றுங்கள், பிறகு ரவுட்டரில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற பக்கத்தில் அதன் மேக்குக்கு ஓர் எண்ணை நிரந்தரமாக எழுதுங்கள். சாமான் ஒவ்வொரு தடவையும் கேட்டுத்தான் வாங்கும், ஆனால் எப்போதும் அதே எண்தான் கிடைக்கும். நாளைக்கு ரவுட்டர் கம்பெனி மாறி 192.168.1 என்பது 192.168.29 ஆனாலும் ஒவ்வொரு கேமராவாக ஏணி போட்டு ஏற வேண்டாம், ரவுட்டரில் ஒரே இடத்தில் மாற்றினால் போதும். அந்த எண், ரவுட்டர் தானாகக் கொடுக்கும் ரேஞ்சுக்குள் (100 முதல் 199 வரை மாதிரி) இருக்க வேண்டுமா, வெளியே இருக்க வேண்டுமா என்பது ரவுட்டருக்கு ரவுட்டர் மாறும். சில உள்ளே இருந்தால்தான் ஏற்றுக்கொள்ளும், ஏற்காவிட்டால் மற்றதைப் போட்டுப் பாருங்கள்.

பழைய டிவிஆர் சிலவற்றில் தானாக வாங்கும் வசதி ஒழுங்காக வேலை செய்யாது. அப்போது வேறு வழியில்லை, உள்ளேதான் எழுத வேண்டும், ஆனால் ரேஞ்சுக்கு வெளியே ஓர் எண்ணாக, 192.168.1.20 மாதிரி.

நேற்று வரை பிரிண்ட் வந்தது, இன்று ஆஃப்லைன்

அட்ரஸ் நிரந்தரமில்லை, வாடகைக்குத்தான். லீஸ் 24 மணி நேரம் என்றால் சாமான் 12-வது மணியில் நீட்டிக்கக் கேட்கும், பதில் இல்லாவிட்டால் 21-வது மணியில் யாராவது கொடுங்கள் என்று பொதுவாகக் கத்தும். ஓடிக்கொண்டே இருக்கிற சாமானுக்கு அதனால் எண் மாறுவதில்லை. வாரத்துக்கு ஒரு தடவை ஆன் செய்யும் பிரிண்டருக்கு மாறிவிடலாம், லேப்டாப்போ பழைய எண்ணையே பிடித்துக்கொண்டு தேடும். இதற்கும் மருந்து அதே ரிசர்வேஷன்தான்.

ரிசர்வேஷன் போட்டும் ஒரு போனுக்கு மட்டும் எண் மாறிக்கொண்டே இருக்கிறதா? ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 தொடங்கிப் போன்கள் ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு பொய் மேக்கைக் காட்டுகின்றன. வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்தப் பிரைவசி தேர்வை டிவைஸ் மேக் என்று மாற்றிவிட்டு ரிசர்வேஷனைத் திரும்ப எழுதுங்கள். ஐபோனில் பிரைவேட் வைஃபை அட்ரஸ் என்று இருக்கும், அதை அணைக்கலாம். வெளியூர் லாட்ஜ் வைஃபைக்கு அது ஆனிலேயே இருக்கட்டும்.

படைப்பு வந்தால் புதுப் போன்கள் சேர மறுக்கின்றன

வருஷம் முழுக்க இரண்டு பேர் இருக்கும் வீட்டில் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் பங்காளிகள் எல்லாரும் வந்து இறங்குவார்கள், சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும். ஆளுக்கு ஒரு போன், சிலருக்கு இரண்டு, பிள்ளைகளிடம் டேப்லெட், கையில் வாட்ச். முதல் நாள் எல்லாருக்கும் ஓடும், இரண்டாம் நாள் வந்தவர்களுக்குக் கிடைக்காது. பாஸ்வேர்டு தப்பு என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அடிப்பார்கள்.

ரவுட்டரில் ரேஞ்சைப் பாருங்கள். 100 முதல் 149 வரை என்றிருந்தால் அம்பதே அட்ரஸ். மாஸ்க் 255.255.255.0 இருக்கும்வரை 254 எண்கள் கைவசம் இருக்கின்றன, அதனால் 50 முதல் 250 வரை என்று தாராளமாக விரியுங்கள், 2 முதல் 49 வரை கேமரா, பிரிண்டர், இரண்டாவது பெட்டி இவற்றுக்கு. லீஸ் நேரத்தையும் விசேஷ நாட்களில் இரண்டு மணி நேரமாகக் குறைத்துவிடுங்கள், கிளம்பிப் போனவர்களின் எண்கள் சீக்கிரம் திரும்பி வரும். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக நடத்துகிறவர்களுக்கு இது வருஷம் முழுக்க வேண்டியது, தினமும் காலையில் ஒரு கூட்டம் போய் மத்தியானம் இன்னொரு கூட்டம் வருகிறதே.

ரேஞ்சை விரித்தும் சேரவில்லை என்றால் அட்ரஸ் பஞ்சம் இல்லை, ரவுட்டரின் வைஃபை அத்தனை பேரை ஒரே நேரத்தில் தாங்கவில்லை. அதற்கு இன்னொரு ஆக்சஸ் பாயின்ட்தான் வேண்டும், மேலே சொன்ன முறையில், டிஎச்சிபி இல்லாமல்.

வீட்டுக்குள் கேமரா தெரிகிறது, கோலாலம்பூரிலிருந்து தெரியவில்லை

பூட்டிக் கிடக்கும் வீட்டைப் போனில் பார்ப்பதற்காகத்தான் பாதிப் பேர் நெட்டே போடுகிறார்கள். வெளியிலிருந்து வருகிறவரை ரவுட்டர் நேராக டிவிஆருக்கு அனுப்பும்படி போர்ட் ஃபார்வர்டு போட்டு வைத்திருந்து ஒருநாள் நின்றுவிட்டால் முதலில் டிவிஆரின் உள் எண் மாறிவிட்டதா என்று பாருங்கள், ரிசர்வேஷன் போட்டால் அந்தக் கதை முடிந்தது.

எண் மாறவில்லை, ஆனாலும் வெளியிலிருந்து வரவில்லை என்றால் ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வேன் ஐபியை (வெளி லைன் பக்கத்து அட்ரஸை) பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் ஒன்றாக இருந்தால் அது லைன் கொடுப்பவர்கள் பல வீடுகளுக்கு ஒரே பொது அட்ரஸைப் பங்கு போட்டுக் கொடுப்பதற்காக 2012-ல் ஒதுக்கிய வரிசை. சிலர் அதே வேலைக்கு 10-ல் ஆரம்பிக்கும் எண்ணையும் வைக்கிறார்கள், ஆகவே வேன் ஐபியையும், எனது ஐபி என்ன என்று கூகிளில் தேடினால் வருவதையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் நிச்சயமான சோதனை. இரண்டும் வேறு என்றால் நீங்கள் உள்ளே எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து வருகிறவர் தெருமுனையிலேயே நின்றுவிடுவார். காசு கொடுத்து நிலையான பொது ஐபி வாங்கலாம், அல்லது டிவிஆரிலேயே இருக்கும் கியூஆர் கோடு ஸ்கேன் செய்து சேர்க்கும் பி2பி வழியைப் பயன்படுத்தலாம். கேமராவை உலகத்துக்கே திறந்து வைக்கும் போர்ட் ஃபார்வர்டைவிட இரண்டாவதைத்தான் நான் சொல்வேன், டிவிஆரின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு.

அட்ரஸ் சரி, கேட்வே சரி, பெயர் போட்டால் மட்டும் திறக்கவில்லை

கூகிளின் 8.8.8.8-க்குப் பிங் போகிறது, தளத்தின் பெயரை அடித்தால் வரவில்லை என்றால் கோளாறு டிஎன்எஸ்ஸில், அதாவது தளத்தின் பெயரை எண்ணாக மாற்றிச் சொல்லும் சர்வரில். ரவுட்டரின் டிஎச்சிபி பக்கத்திலேயே டிஎன்எஸ்ஸுக்கு 8.8.8.8, 1.1.1.1 என்று போட்டுச் சாமான்களைத் திரும்பச் சேருங்கள். அவ்வளவுதான்.

ரீசெட் ஓட்டையில் ஊசியை விடுவதற்கு முன்

மேலே சொன்ன எதற்கும் ஃபைபர் பெட்டியை ஃபேக்டரி ரீசெட் செய்ய வேண்டியதில்லை. வேறு வழியே இல்லாமல் செய்வதானால் முதலில் வேன் பக்கத்தைப் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்: பிபிபிஓஇ யூசர்நேம் (லைனுக்குள் நுழைய லைன்காரர் கொடுத்த பெயர்), விலான் எண் (லைன்காரர் தன் லைனுக்கு வைத்திருக்கும் எண்), வைஃபை பெயர், ரிசர்வேஷன் பட்டியல், டிஎச்சிபி ரேஞ்ச். பாஸ்வேர்டு பக்கத்தில் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும், அதை லைன்காரரிடம் கேட்டு முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் ரீசெட் செய்துவிட்டுக் கூப்பிட்டால் திங்கட்கிழமை வரை யாரும் எடுக்க மாட்டார்கள்.